கவச முடுக்கு விழா

பொருநை மண்டல ஆலைப் பாதுகாப்பு இயக்ககத்தில் நாற்பத்தொரு பேர் வேலை பார்க்கிறார்கள். இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அவர்களில் ஒருவருக்குக்கூட எந்திரத்தில் விரல் நசுங்கியதில்லை. ஆண்டறிக்கை இந்தச் சாதனையைச் சொல்லித்தான் தொடங்கும். எந்திரம் இருக்கிற பக்கம் போனால்தானே விரல் நசுங்குவதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அது வயிற்றெரிச்சல். போகிறார்கள். விழா நடந்தால் போகிறார்கள்.

இயக்ககத்தின் அலுவலகம் பாளையங்கோட்டையில். அதன் நேரடிப் பொறுப்பில் ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவு நார் ஆலை ஓடுகிறது. வாழைத்தார் வெட்டிய பிறகு வயலில் வீணாகக் கிடக்கும் மரத்தை மட்டை மட்டையாக உரித்து இங்கே கொண்டுவருகிறார்கள். எந்திரத்தின் முன்னால் ஒரு பெண் நின்று மட்டையை அதன் வாய்க்குள் விட வேண்டும். உள்ளே கத்தி பதித்த உருளை தலைதெறிக்கச் சுற்றும். சதை கூழாகிக் கீழே கொட்ட, நார் மட்டும் மிஞ்சும். எவ்வளவு தூரம் விடுவது, எந்த நொடியில் விரலை எடுப்பது என்பதெல்லாம் கண்ணால் பார்த்துச் செய்கிற காரியம். முகம் எந்திரத்துக்கு நேராகத்தான் இருக்கும். வேறு வழியில்லை.

போன வருஷம் தை மாதத்தில், வாழைக்கு முட்டுக் கொடுத்த கம்பிலிருந்து கழன்ற ஆணி ஒன்று மட்டையோடு உள்ளே போய்விட்டது. உருளை அதை வந்த வழியே திருப்பி அனுப்பியது. முன்னால் நின்ற மும்தாஜ் பேகத்தின் இடது புருவத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று ஆணி. காயத்துக்கும் கண்ணுக்கும் நடுவே அரை விரல் இடம். மும்தாஜ் பேகம் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அந்த இடத்தில் பிரம்மநாயகி வந்து நின்றார். இரண்டு பிள்ளைகள், ஒரு ஆடு, புருஷன் திருப்பூரில். கண் இரண்டும் நன்றாக இருந்தன.

எந்திரத்தின் வாய்க்கு மேலே, அவர் முகத்துக்கு நேரே, ஒரு கவசம் மாட்ட வேண்டும் என்று இயக்ககம் முடிவெடுத்தது. முடிவெடுக்க ஒன்பது மாதம் ஆயிற்று. கவசம் என்றால் பாலிகார்பனேட் தகடு. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தாலும் உடையாது. ஆலைப் பெண்கள் அதைக் கண்ணாடி என்றே சொன்னார்கள். இயக்ககத்தின் கோப்பில் அதன் பெயர் 'ஒளி ஊடுருவும் உயிர்காப்புக் கவசம்'. கவசம் வரும்வரை பிரம்மநாயகி கவனமாக இருந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அந்தச் சுற்றறிக்கையை எந்திரத்தின் மேலே ஒட்டினார்கள். இரண்டு நாளில் கூழ் தெறித்து அது மக்கிப்போயிற்று.

ஆலையின் ஃபிட்டர் இசக்கிதுரை. மாஞ்சோலைத் தேயிலை ஆலையில் இருபத்தாறு வருஷம் எந்திரம் பார்த்தவர். தோட்டம் மூடி மலையிலிருந்து எல்லாரும் இறங்கியபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஸ்பேனர் செட்டுமாக இறங்கி, இங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்தவர். இயக்ககம் என்று ஒன்று இருப்பதே கீழே வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். மலையில் அட்டை கடிக்கும். உப்பு வைத்தால் விட்டுவிடும்.

தகடும் அதன் வரைபடமும் வந்த அன்று அவர் மேலாளர் சிவசங்கரனிடம் போனார்.

"சார், எட்டு எம்.எம். போல்ட்டுக்கு எட்டு எம்.எம். ஓட்டை போட்டிருக்காவளே."

"வேற எவ்வளவு போடணுங்கீரு?"

"பதினொண்ணாச்சும் வேணும் சார். இந்தச் சாமான் வெயிலுக்கு விரியும். தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் அடுப்பு மாதிரில்லா இருக்கு. விரியுததுக்கு இடம் இல்லைன்னா ஓட்டையைச் சுத்தி விரிசல் விட்டுப் போவும். நான் மலையில ரெண்டு தகட்ட உடைச்ச பொறவுதான் இதப் படிச்சேன்."

மேலாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏன்வே, சட்டையில பித்தானுக்குத் தக்கனதான் ஓட்டை இருக்கும். ஓட்டையைப் பெரிசாக்குனா சட்டை கழண்டு விழுமா விழாதா?"

"சட்டையை நட்டுப் போட்டு முடுக்க மாட்டாவ சார்."

"வரைபடத்துல கையெழுத்துப் போட்டிருக்கது யாரு? இயக்குநர். அவர விட உமக்குத் தெரியுமோ? போரும், விழாவுக்குப் பந்தல் கட்டணும்."

ஐப்பசியில் விழா நடந்தது. இயக்குநர் தாணுமாலையன் வந்தார். ஆறடி உயரம், நெற்றி நிறையத் திருநீறு, எந்த மைக்கைப் பார்த்தாலும் அது தமக்காகவே வைக்கப்பட்டது என்ற நம்பிக்கை. வழக்கமாக எல்லா விழாவிலும் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். ஒரு திரிக்கு ஒருவர் என்று வரிசையாக வந்து, மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, படம் எடுக்கும்வரை திரியைச் சுடுவார்கள். இயக்குநர் அன்று அந்த மரபைத் திருத்தினார்.

"விளக்கு எந்தத் தொழிலாளியின் உயிரையாவது காப்பாற்றியதாகக் கோப்பில் இருக்கிறதா? இல்லை. ஆகவே இன்று முதல் நம் இயக்ககத்தில் விளக்கேற்றுவதற்குப் பதிலாகக் கவசத்தின் போல்ட்டை முடுக்குவோம். முடுக்கம் என்றால் உறுதி. தளர்ச்சி என்றால் என்ன? ஒழுங்கீனம். என் முப்பத்திரண்டு வருடப் பணிக்காலத்தில் நான் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் முடுக்குவது எனக்குப் புதிதல்ல. என் கீழே வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்!"

கீழே வேலை பார்ப்பவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டினார்கள்.

பட்டு நூல் சுற்றிய ஸ்பேனர் வெள்ளித் தட்டில் வந்தது. தகடு பளபளக்க வேண்டும் என்று காலையிலேயே அதைத் தின்னர் ஊற்றித் துடைத்துவிட்டார்கள். பெயிண்டைக் கரைக்கிற தின்னர் இந்தத் தகட்டையும் உள்ளுக்குள் அரிக்கும் என்று இசக்கிதுரை சொல்ல வாயெடுத்தபோது, நாலு மூலையிலும் சந்தனம் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். போல்ட்டுகள் பிறகு தளராமல் இருக்க மரைக்குள் ஒரு சிவப்புப் பசையும் விடச் சொன்னார்கள். அந்தப் பசை வழிந்து தகட்டில் பட்டால் அதுவும் விஷம். அதையும் விட்டார். நாலு மூலைக்கு நாலு போல்ட்டு, நாலு பிரமுகர்கள். இயக்குநர் ஸ்பேனரைப் பிடித்து முடுக்கினார். போல்ட்டு ஏற்கனவே இறுகிப்போயிருந்தது.

"சார், ஸ்பேனர் அசையாம படம் நல்லா வராது சார். இன்னும் ஒரு சுத்து," என்றார் படம் எடுப்பவர்.

இயக்குநர் இன்னும் ஒரு சுற்று முடுக்கினார். படம் நன்றாக வந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பிரம்மநாயகி எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். "துரையண்ணே, இங்கன வந்து பாருங்க. கண்ணாடியில கோழி காலை வச்சது மாதிரி இருக்கு."

இசக்கிதுரை வந்து பார்த்தார். இயக்குநர் முடுக்கிய மேல் மூலையில், போல்ட்டைச் சுற்றி மூன்று வெள்ளை விரல்கள் கிளம்பி நடுவே வந்துகொண்டிருந்தன. மற்ற மூன்று மூலைகளிலும் கோழி வந்துபோயிருந்தது. நேரே பார்த்தால் உள்ளே மட்டை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"இதுக்கு இல்லாமலே இருக்கலாம் போலிருக்கே. முன்னாலயாவது கண்ணு தெரிஞ்சுது," என்றார் பிரம்மநாயகி.

ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. துணை இயக்குநர் சித்ரலேகா அதன் தலைவர். சிரிக்காதவர், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கென்றே தனியாகக் கைக்குட்டை வைத்திருப்பவர். குழு விரிசலின் விரல்களை எண்ணியது. பன்னிரண்டு. எட்டுப் பக்கத்தில் அறிக்கை வந்தது. அதன் சாரம் இது: விரிசல்கள் யாவும் போல்ட்டைச் சுற்றியே விழுந்துள்ளன. எனவே போல்ட்டு தன் பிடியைச் சரிவரச் செலுத்தவில்லை. பிடி போதாமைக்குக் காரணம், முடுக்கம் போதாமை.

இதற்குத் தீர்வும் அறிக்கையிலேயே இருந்தது. இனி ஆலைக்கு வருகிற ஒவ்வோர் அதிகாரியும் பார்வையிட்டதற்கு அடையாளமாகக் கவசத்தின் ஒரு போல்ட்டை ஒரு சுற்று முடுக்கிவிட்டு, 'முடுக்கப் பதிவேடு' என்ற புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது தகடு மார்கழியில் வந்தது. இசக்கிதுரை சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, போல்ட்டின் தலைக்குக் கீழே மெத்தை மாதிரி வைத்து மாட்டினார். சித்ரலேகா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது என்ன?"

"ரப்பர் வாசர்ங்கம்மா. இரும்பு நேரா தகட்டுல உக்காந்தா கடிச்சிரும்."

"ரப்பர் மென்மையானது. பாதுகாப்பில் மென்மைக்கு இடமில்லை. எடுங்கள்."

எடுத்தார். முதல் தகடு ஏன் விரிசல் விட்டது என்று பார்க்க அந்த வாரம் எட்டு அதிகாரிகள் வந்தார்கள். எட்டு சுற்று. எட்டுக் கையெழுத்து. வந்தவர்களில் இருவர் திருச்செந்தூருக்குப் போகிற வழியில் குடும்பத்தோடு இறங்கியவர்கள். ஒருவருடைய மாமியாரும் ஆசைப்பட்டு ஒரு சுற்று முடுக்கினார். பதிவேட்டில் மாமியாருக்கு இடம் இல்லாததால் 'பார்வையாளர்' என்று எழுதிக்கொண்டார்கள். நாலாம் நாள் தகடு வெடித்துப் பிளந்தது. அன்று பிரம்மநாயகி வீட்டுக்குப் போகும்போது கன்னத்தில் ஒரு கீறல் இருந்தது. மட்டைச் சில்லு, ஆணி இல்லை. அதனால் அது விபத்தாகக் கணக்கில் வராது என்று மேலாளர் விளக்கினார்.

மாசியில் மூன்றாவது தகடு வந்த சமயம் இயக்ககத்தையே காணோம். தேர்தல் வேலைக்கு எல்லாரையும் எடுத்துக்கொண்டார்கள். இசக்கிதுரை மேலாளரின் அறைக்குப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு வாட்டி, ஒரே வாட்டி, எனக்குத் தெரிஞ்ச மாதிரி மாட்டிக்கிடுதேன்."

மேலாளர் தினத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்னமும் பண்ணித் தொலையும். நான் லீவுல இருக்கேன்னு நெனச்சுக்கிடும்."

அன்று இசக்கிதுரை அவசரப்படவில்லை. தகட்டுக்கு அடியில் ஒரு மரப்பலகையைக் கொடுத்து, டிரில்லைப் பைய ஓட்டி, பதினோரு எம்.எம். துளை போட்டார். விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி, ஆறு துளை. நாலுக்குப் பதில் ஆறு போட்டது, தகடு அதிராமல் இருக்க. ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, நாக்கை வைத்தாலும் கிழிக்காத மாதிரி ஆக்கினார். முன்னும் பின்னும் ரப்பர் வாசர், அதன்மேல் அகலமான இரும்பு வாசர். போல்ட்டு துளையின் நடுவில் நின்றது. சுற்றிலும் அதற்குக் காற்று இருந்தது. பசை இல்லை. அதற்குப் பதிலாக, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. அது தானாகக் கழலாது. விரலால் முடுக்கி, ரப்பர் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்தினார். ஸ்பேனரில் கால் சுற்று. அவ்வளவுதான்.

பிரம்மநாயகி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா? மத்தவியல்லாம் முக்கி முக்கி முடுக்குனாவளே."

"அவிய முடுக்குனது போட்டோவுக்கு. நீ சோப்புத் தண்ணியில மட்டும் தொடைக்கணும், என்னா? தின்னரக் கொண்டு எவனாவது வந்தான்னா கையைத் தட்டிவிட்டுரு."

"இயக்குநரு வந்தா?"

"அவர் கையைத் தட்டிவிடாத. என்னையக் கூப்பிடு."

பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் எல்லாம் அந்தக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து இறங்கியது. தகடு விரிந்தது, சுருங்கியது, ஒரு கீறல்கூட விழவில்லை. வைகாசியில் ஒரு நாள் உள்ளேயிருந்து ஒரு ஆணி வந்தது. பிரம்மநாயகியின் வலது கண்ணுக்கு நேரே தகட்டில் 'டக்' என்று மோதி, மிளகு அளவுக்கு ஒரு பள்ளம் செய்துவிட்டுக் கீழே விழுந்தது. அவர் எந்திரத்தை நிறுத்தி, ஆணியைக் குனிந்து எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் ஒரு வாளி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து தகட்டைத் துடைத்தார். அன்று அது அழுக்காகவே இல்லை.

இது இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் ஆடி மாதம் தேர்தல் வேலை, அதற்குப் பின்பான ஓய்வு, அந்த ஓய்வின் களைப்பு எல்லாம் தீர்ந்து இயக்ககம் திரும்பி வந்தது. பதிவேட்டைப் புரட்டினார்கள். நூற்று நாற்பத்திரண்டு நாளாக ஒரே கவசம். அதிகாரிகள் கை வைக்காத நூற்று நாற்பத்திரண்டு நாள் என்று யாரும் படிக்கவில்லை. இயக்ககத்தின் சுற்றறிக்கைகள் வெற்றி பெற்ற நூற்று நாற்பத்திரண்டு நாள் என்று படித்தார்கள். சென்னைக்கு எழுதினார்கள். 'முன்மாதிரிக் கவசம்' என்ற விருது வந்தது. விருது என்றால் விழா. விழா என்றால் முடுக்கம்.

சித்ரலேகா பிரமுகர் பட்டியலோடு ஆலைக்கு வந்தார். பதினொரு பேர். கவசத்தின் முன்னால் நின்று போல்ட்டுகளை எண்ணினார். ஆறு. பிறகு சும்மா ஒரு விரலால் தகட்டைத் தொட்டு அழுத்தினார். தகடு ஒரு நூல் அசைந்து திரும்ப வந்தது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆடுகிறது!"

"ஆடணும்ங்கம்மா," என்றார் இசக்கிதுரை. "அது ஆடுததாலதான் இத்தன மாசம் நிக்கி."

"விருது வாங்கப்போகிற கவசம் ஆடுகிறது. துளை போல்ட்டைவிடப் பெரிதாக இருக்கிறது. யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?"

இசக்கிதுரை மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார். அவர் மனதளவில் இன்னும் லீவில்தான் இருந்தார்.

"அம்மா, நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க. விழாவுக்கு வேணும்னா தனியா ஒரு பலகையில பதினோரு போல்ட்டு வச்சித் தாரேன். நல்லா சந்தனம் பொட்டெல்லாம் வச்சு. எவ்வளவு வேணும்னாலும் முடுக்கட்டும். இத மட்டும் விட்டுருங்க."

"அப்படியென்றால் நாங்கள் போலியாகப் பாதுகாப்பு செய்கிறோம் என்கிறீர்களா?" என்று கேட்டார் சித்ரலேகா. இசக்கிதுரைக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் என்பதும் தெரிந்திருந்தது.

உடனே ஐந்து துளை கூடுதலாகப் போட உத்தரவாயிற்று. பெரிய துளைகளில் இரும்பு வளையம் அடித்து ஆட்டத்தை அடைக்க வேண்டும். ரப்பர் எல்லாம் வெளியே. பிறகு துளைகளின் இடம் பற்றி இரண்டு நாள் கடிதப் போக்குவரத்து நடந்தது. கீழ் வரிசைப் போல்ட்டை முடுக்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிவது பதவிக்கு இழுக்கு என்று நாலு பேர் எழுதினார்கள். மேல் வரிசையில்தான் வேண்டும், அதுவும் இயக்குநருக்கு வலப் பக்கத்தில்தான் வேண்டும் என்று ஓய்வுபெற்ற ஓர் உயர் அதிகாரி எழுதினார். முடிவில் புதிய ஐந்து துளைகளும் மேல் விளிம்பிலேயே, விளிம்புக்கு ஒட்டினாற்போல, பல்வரிசை மாதிரி அடுத்தடுத்துப் போடப்பட்டன. இசக்கிதுரை போட மாட்டேன் என்றார். மேலாளர் வெளியிலிருந்து, கதவுக்குக் கம்பி போடுகிற ஒருவரைக் கூட்டிவந்து போட வைத்தார்.

"இந்தக் கண்ணாடிக்குப் பின்னால நாளைக்கு நாந்தானே நிக்கணும்?" என்று பிரம்மநாயகி கேட்டார்.

"ஒரு நாள் கூத்துதான் தாயி. முடிஞ்சதும் நான் கழத்தி ஒழுங்கா மாட்டித் தாரேன்," என்றார் இசக்கிதுரை.

"கூத்து முடிஞ்ச பொறவு கண்ணாடி இருக்குமா அண்ணே?"

விழா அன்று பந்தல், நாதஸ்வரம், வாசலில் குலையோடு இரண்டு வாழைமரம். இயக்குநர் கழுத்தில் ஆளுயர மாலையோடு மைக் முன்னால் நின்றார்.

"கவசம் விரிசல் விட்டபோது சிலர் சொன்னார்கள், துளையைப் பெரிதாக்குங்கள் என்று. யோசித்துப் பாருங்கள். ஒரு குறை வந்தால் ஓட்டையைப் பெரிதாக்குவதா? நான் அப்படி எந்த அலுவலகத்திலும் செய்ததில்லை. ஓட்டையை மூடி, மேலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கவசம் நூற்று நாற்பத்திரண்டு நாள் நின்றதற்கு ஒரே காரணம், நாங்கள் இடைவிடாமல் கவனித்ததுதான்!"

பதினொரு பேரும் வரிசையாக வந்து முடுக்கினார்கள். மூன்றாமவர் முடுக்கியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. இசக்கிதுரை கண்ணை மூடிக்கொண்டார். போல்ட்டு நன்றாகப் பிடித்துவிட்டதன் அடையாளம் என்று நினைத்துக்கொண்டு, தங்கள் போல்ட்டில் அந்தச் சத்தம் வராதவர்கள் அது வரும்வரை முடுக்கினார்கள். வந்ததும் மற்றவர்கள் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்தபோது விளிம்பு நெடுக ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு வெள்ளைக்கோடு ஓடி, பதினொரு பேரையும் ஒற்றுமைப்படுத்தியிருந்தது.

அடுத்து சோதனை ஓட்டம். மேலாளர் எந்திரத்தைப் போட்டார். "பிரம்மநாயகி, வா. வந்து ஒரு மட்டை விடு."

பிரம்மநாயகி ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த வெள்ளைக்கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பார்த்தார். பிறகு மட்டையை இயக்குநரிடம் நீட்டினார்.

"ஐயா, இவ்வளவு பாடுபட்டு முடுக்கியிருக்கிய. மொத மட்டைய நீங்க விடுங்க. உங்க கைராசிக்கு நல்லா ஓடும்."

கூட்டம் கைதட்டியது. இயக்குநர் மட்டையை வாங்கிக்கொண்டார். எந்திரத்தின் வாயைப் பார்த்தார். கவசத்தைப் பார்த்தார். கிட்டத்தில் பார்க்கும்போது அவருக்கு முதல் முறையாக ஏதோ தெரிந்தது.

"மாலையக் கழத்திருங்க சார், உருளை இழுத்துரும்," என்றார் இசக்கிதுரை.

"மாலையைக் கழற்றுவது மரபல்ல," என்று இயக்குநர் பின்வாங்கினார். "இந்தப் பெருமையை நமது மூத்தவர் பெற வேண்டும்." ஓய்வுபெற்ற உயர் அதிகாரியிடம் மட்டை போயிற்று. வலப் பக்கப் போல்ட்டுக்கு மூன்று கடிதம் எழுதிய அவர், தாம் இப்போது பதவியில் இல்லை என்பதை நினைவூட்டி அதைச் சித்ரலேகாவிடம் கொடுத்தார். சித்ரலேகாவுக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மட்டை கைமாறிக் கைமாறி, வரிசையில் கீழே கீழே இறங்கிப் பதினோராமவரிடம் வந்தது. அவர் அதை மரியாதையாக எந்திரத்தின் மேடையில் வைத்துவிட்டு நகர்ந்தார். எல்லாரும் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார்கள். பிரம்மநாயகி ஏற்கனவே பக்கவாட்டில் போய் நின்றிருந்தார். எந்திரத்தின் முன்னால் ஒருவரும் இல்லை.

எந்திரம் அதிர்ந்து அதிர்ந்து ஓடியது. வெள்ளைக்கோடு கிழிந்தது. தகடு விளிம்பை மட்டும் பதினொரு போல்ட்டிடம் விட்டுவிட்டு மடிந்து வாய்க்குள் விழுந்தது. உருளை அதைக் கடித்துத் துப்பியது. உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று, நிற்க வேண்டியவர் நிற்காத இடத்தின் வழியாகப் பறந்து போய், வாசல் வாழைமரத்தில் நாலு விரல் ஆழம் இறங்கி நின்றது. நின்ற இடம் ஒரு பெண்ணின் கண் உயரம். இசக்கிதுரை ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார்.

பிறகு இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "யாருக்கும் காயம் இல்லை! இதுதான் நம் இயக்ககத்தின் வெற்றி!" கைதட்டினார்கள். சாப்பாட்டுக்குப் போனார்கள். வடை, பாயசத்தோடு சாப்பாடு. இரண்டாம் பந்தியும் நடந்தது.

மூன்றாம் நாள் இரண்டு குறிப்பாணைகள் வந்தன. அனுமதியின்றித் துளையைப் பெரிதாக்கிக் கவசத்தைப் பலவீனப்படுத்தியதற்காக இசக்கிதுரையின் ஒப்பந்தம் ரத்து. பிரம்மநாயகிக்கு வந்தது விளக்கம் கோரும் குறிப்பாணை: 'எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தாங்கள் தங்கள் பணியிடத்தில் நில்லாமல் விலகி நின்றது ஏன்?'

பிரம்மநாயகி அதன் அடியிலேயே தன் கையால் பதில் எழுதிக் கொடுத்தார். 'அங்கே நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை வாசிக்க எனக்குக் கண் இருந்திருக்காது. இசக்கிதுரை அண்ணன் மாட்டினால் நிற்பேன்.'

கோப்பு பாளையங்கோட்டைக்குப் போய் ஒரே வாரத்தில் திரும்பியது. இயக்ககத்தின் வரலாற்றில் அது ஒரு வேகம். இயக்குநர் பச்சை மையில் எழுதியிருந்தார்:

'பார்த்தேன். பணியாளரின் விளக்கம் முத்து முத்தான கையெழுத்தில், கோடு விலகாமல் எழுதப்பட்டுள்ளது. இதிலிருந்து அவரது கண்பார்வைக்கு எவ்விதப் பாதிப்பும் ஏற்படவில்லை என்பது ஐயமறத் தெளிவாகிறது. அச்சத்துக்கு முகாந்திரம் இல்லை. நான்காவது கவசம் பதினான்கு போல்ட்டுகளுடன் அனுப்பப்படுகிறது. பணியாளர் திங்கள் முதல் அதே இடத்தில் நிற்க வேண்டும்.'

திங்கட்கிழமை பிரம்மநாயகி வேலைக்கு வந்தார். பதினான்கு போல்ட்டுக் கவசத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மட்டைக் குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டார். ஆலையின் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எந்திரம் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

மேலாளர் கோப்போடு ஓடிவந்தார். "ஏளா, என்ன உக்காந்திருக்க? உனக்குக் கண்ணு நல்லா தெரியுதுன்னு இயக்குநரே எழுதிட்டாரு!"

"ஆமா சார்," என்றார் பிரம்மநாயகி. "நல்லா தெரியுது. அதான் உக்காந்திருக்கேன்."